பள்ளிமலை அடிவாரத்தில் விஜயகலா

விஜயகலா கல்யாணமாகி அந்த லயத்துக்கு வந்த மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது, வாசலில் முக்காடு போட்ட பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். புதுப்பெண்ணைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். உள்ளே ஓடிப்போய்த் தலையில் பூ வைத்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, சிரித்த முகத்தோடு திரும்பி வந்தாள். முன்னால் நின்ற அம்மா கூச்சத்தோடு கேட்டார்.

“மகள், கக்கூஸ் சாவி ஒங்ககிட்டயா ஈக்கிது?”

இதைச் சொல்லி விஜயகலா இன்றைக்கும் சிரிப்பாள். “ஊர்ல எல்லாரும் நல்ல நாள் பாத்துக் கட்டிக் குடுப்பாங்க. எனக்கு மலையில நடக்குற கந்தூரியப் பாத்துக் கட்டிக் குடுத்திருக்காங்க” என்று தன் புருஷன் நல்லையாவைப் பார்ப்பாள். தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்யும் நல்லையா அந்த நேரத்தில் எப்போதும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான்.

அவர்கள் இருந்தது ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பரா. அதற்குப் பின்னால் தேயிலை மலை. தேயிலை முடிகிற இடத்தில் காடு. காட்டுக்கு மேலே பாறை. அந்தப் பாறையின் மடியில் ஒரு அவுலியா, அந்தக் காலத்து இறைநேசர், அடங்கியிருக்கிறார். அவர் அடக்கத்தின் மேல் சின்ன ஸியாரம், அதற்கு முன்னால் கல்தூண் நிறுத்தி ஓடு போட்ட பழைய தொழுகைப் பள்ளி, பக்கத்தில் எந்தக் கோடையிலும் வற்றாத ஒரு சுனை. இவ்வளவுதான். தோட்டத்து ஆட்களுக்கு அது பள்ளிமலை. பிள்ளைக்குக் காய்ச்சல் விடாவிட்டால் அவர்களும் அவுலியாவுக்கு எண்ணெய் நேர்ந்துகொள்வார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை அவருடைய நினைவு நாள் கந்தூரிக்கு மாவனல்லை, வரக்காப்பொல, பலாங்கொடைப் பக்கமிருந்தெல்லாம் பஸ் பிடித்து சனங்கள் வருவார்கள். மேலே எல்லாம் இருந்தது, கக்கூஸ் மட்டும் இல்லை. இருப்பதில் கிட்டத்தில் இருந்தது விஜயகலா வீட்டுக்குப் பின்னால் இருந்ததுதான்.

அதனால் கந்தூரி என்றாலே அவளுக்குத் தண்ணீர் சுமக்கிற நாட்கள். மலையிலிருந்து பீலியில் வரும் தண்ணீரை வாளி வாளியாகத் தூக்கி வைப்பாள். வயசானவர்களை வரிசையில் முன்னுக்கு விடுவாள். அழுகிற பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். வந்தவர்களில் பலபேர் அவளுக்குச் சொந்தம் மாதிரி ஆகிவிட்டார்கள். மாவனல்லையில் சரித்திர டீச்சராக இருந்த நுஸ்ஹா அப்படி ஒருத்தி. பாவாடை சட்டை போட்ட வயசில் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் நின்றவள், பிறகு ஒவ்வொரு வருஷமும் மாவனல்லையிலிருந்து தொதல் இனிப்புக் கட்டிக்கொண்டு வருவாள். விஜயகலா பதிலுக்கு ஃபெக்டரித் தேயிலை கொடுப்பாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்த கதையில், இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரிய படம் ஒன்று வந்து நின்றது.

மலைக்கு ஏறுகிற ஜீப் ரோட்டின் முனையில் அந்த பெனரைக் கட்டினார்கள். இரண்டு மாடி, கண்ணாடி, பளபளவென்று மாபிள், நடுவில் தண்ணீர் பீச்சுகிற ஒரு தடாகம். பள்ளிமலை உச்சியில் வரப்போகிற புது மண்டபம் அது. பள்ளி நிர்வாக சபைத் தலைவர் ஜமால்தீன் ஹாஜியாரே வந்து விளக்கினார். வரக்காப்பொலவில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். சிமெந்து மூட்டையைக் கண்டாலே முகம் மலர்ந்துவிடும்.

“மேல பத்து டொய்லட் வருது, புள்ள. இனி ஒனக்குக் கரச்சலே இல்ல” என்றார். “கீழ் மாடியில ஒரு டீக்கடையும் ஈக்கும். அத ஒனக்குத்தான் தரப் போறன்.”

விஜயகலாவுக்கு அன்றைக்குக் கால் நிலத்தில் படவில்லை. படத்தில் டீக்கடை எந்த இடம் என்று விரல் வைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். நல்லையாவிடம் போய், கடையில் வடை மட்டும் போதுமா, ரொட்டியும் போடுவதா என்று யோசனை கேட்டாள்.

அடுத்த வாரமே நுஸ்ஹா வந்தாள். தொதல் இல்லை, முகத்தில் சிரிப்பும் இல்லை.

“அக்கா, அந்த மண்டபம் கட்டுறதுக்குக் கல்தூண் பள்ளிய ஒடைக்கப் போறாங்க. சுனைய மூடிப் போட்டு அதுக்கு மேலதான் தடாகமாம். எங்கட முன்னோர் கையால தூக்கி வெச்ச தூண் அது. தோட்டத்து ஆக்களும் சேர்ந்து கையெழுத்து வெச்சா நிப்பாட்டலாம்.”

விஜயகலா வாளியைக் கீழே வைத்தாள். “நுஸ்ஹா, ஒங்களுக்கென்னம்மா. வருசத்துல ஒருக்கா வந்து அழகா இருக்குன்னு பாத்துட்டுப் போயிருவீங்க. தண்ணி தூக்குறது நான்தானே? தூண் பாத்தா எனக்கு முதுகு வலி போயிருமா?”

“அதுக்காக இருக்குறத ஒடைக்கிறதா?”

“ஹாஜியாரோட உம்மா அந்தச் சுனையடி ஈரக் கல்லுல வழுக்கி விழுந்து இடுப்பொடிஞ்சவங்க. தெரியுமில்ல? அவரு மனசுல கெட்டது ஒண்ணும் இல்ல.”

நுஸ்ஹா போட்டுக் கொடுத்த பிளேன்டித் தேத்தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். விஜயகலாவுக்குக் கோபம் சாயங்காலம்வரைக்கும் இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில், இவ்வளவு பேசியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஆனாலும் டீக்கடை ஆசையை விட மனசு வரவில்லை.

கந்தூரிக்கு முன்னால் வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்று ஹாஜியார் அவசரப்பட்டார். தகரம், பைப்பு, கக்கூஸ் கோப்பைகள் எல்லாம் லொறியில் வந்து லயத்துக்குப் பக்கத்தில் இறங்கின. மலையை வெட்ட ஒரு பெக்கோ மெஷினும் வந்தது. அன்றைக்கென்று மழை பிடித்தது. ஜீப் ரோட்டின் இரண்டாவது வளைவில் பெக்கோ ஒரு பக்கமாகச் சரிந்து, சகதிக்குள் இறங்கி, ரோட்டை முழுசாக மறித்துக்கொண்டு நின்றுவிட்டது. ட்ரைவர் சிங்களப் பையன்; ஒரு கீறலும் இல்லாமல் குதித்து இறங்கிவிட்டான். பதறிக்கொண்டு ஓடிவந்த விஜயகலாவைப் பார்த்து, “பய வென்ட எபா அக்கே” என்று அவன்தான் தைரியம் சொன்னான். பயப்படாதீங்க அக்கா என்கிறான். அவள் அவனுக்குச் சிங்களத்திலேயே இரண்டு திட்டுத் திட்டி, வீட்டுக்குக் கூட்டிப்போய் இஞ்சி போட்ட தேத்தண்ணீர் கொடுத்தாள்.

மெஷினை இழுக்க இன்னொரு மெஷின் வர வேண்டும். அது வர மழை விட வேண்டும். மழை விடவில்லை, கந்தூரி வந்துவிட்டது.

பஸ்களை ஃபெக்டரியடியில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஜீப் ரோடு இல்லையென்றால் மேலே போக ஒரே வழி, விஜயகலா வீட்டுப் பக்கமிருந்து தேயிலைக்குள்ளால் ஏறுகிற பழைய கல்படிதான். ஜீப் ரோடு வெட்டிய நாளிலிருந்து அதில் கொழுந்து எடுக்கிற பெண்களைத் தவிர யாரும் ஏறியதில்லை. வரப்போகிற அத்தனை சனமும் இந்த முறை தன் வாசலால்தான் போகப் போகிறது என்று தெரிந்ததும் விஜயகலாவுக்குத் தலை சுற்றியது. சுற்றி முடிந்ததும், லயத்துப் பக்கத்தில் குவித்து வைத்திருந்த தகரத்தையும் கோப்பைகளையும் பார்த்தாள்.

ஹாஜியாருக்கு ஃபோன் போட்டாள். “ஹாஜியார், ஒங்க சாமானத்துல கொஞ்சம் எடுக்கிறேங்க. கேக்காம எடுத்தேன்னு இருக்கக் கூடாது, அதான்.”

“எடுத்து என்னா செய்யப் போற?”

“மேல வரவேண்டியதக் கீழ வெக்கப் போறேங்க.”

அவர் சரி என்றாரா, என்ன என்றாரா என்று லைனில் விளங்கவில்லை. அவள் சரி என்று எடுத்துக்கொண்டாள். தோட்ட நிலத்தில் கை வைக்க வேண்டுமே என்று நல்லையா தயங்கினான். அவளே ஆபிசுக்குப் போய்த் தோட்ட மேனேஜர் தொரையிடம் வாய்ச் சொல்லாக அனுமதி வாங்கி வந்தாள். லயத்து ஆண்கள் குழி வெட்டினார்கள். பெக்கோ ட்ரைவரும் சும்மா இருக்க முடியாமல் மண்வெட்டியைத் தூக்கினான். பெண்கள் படியில் பாசியைச் சுரண்டினார்கள். கயிறு கட்டி, கோணி விரித்து, வழுக்குகிற இடத்திலெல்லாம் மணல் போட்டார்கள். கந்தூரி அன்றைக்குக் காலையில் தகரம் அடித்த ஆறு கக்கூஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாளியோடு, வரிசையாக நின்றன.

முதல் பஸ்ஸில் வந்தவர்களில் நுஸ்ஹாவும் இருந்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சகதியில் கால் புதையப் புதைய வந்து நின்றாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

“தண்ணி யாரு தூக்குற, அக்கா?” என்று நுஸ்ஹா கேட்டாள்.

“யாரு, நான்தான்.”

“இன்னொரு வாளி ஈக்கிதா?”

மத்தியானம்வரை இரண்டு பேரும் மூச்சு விடாமல் தண்ணீர் சுமந்தார்கள். மன்னிப்புக் கேட்பதற்கு இருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை, அது தேவைப்படவும் இல்லை.

ஹாஜியாரும் நடந்துதான் வந்தார். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். அங்கே உட்கார்வதற்கென்றே பழைய காலத்தில் போட்டிருந்த ஒரு பலகைக் கல் இருந்தது. அவருக்குப் பக்கத்தில் பாறூக் என்று ஒரு பெரியவர் ஏற்கெனவே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தன் வாப்பாவின் தோளில் உட்கார்ந்து அந்தப் படியால் போனதை அவர் சொல்ல, ஹாஜியாரும் தன் வாப்பாவின் பேச்சை எடுக்க, இரண்டு பேரும் மேலே போகவே மறந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னேரம் கீழே இறங்கியபோது ஹாஜியார் தகரக் கக்கூஸ்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தகரம் அடித்த விதம் சரியில்லை என்றார், ஆணியையும் குறை சொன்னார். கடைசியில், “மண்டபத்தையும் இங்கதான் கட்ட வேணும் போல. மேல சாமான் ஏத்துறதே பெரிய கரச்சல்” என்று, தானே கண்டுபிடித்த மாதிரி சொன்னார். நுஸ்ஹா வாயைத் திறக்கப் போனாள். விஜயகலா அவள் கையைக் கிள்ளினாள்.

நிர்வாக சபையில் இதற்குச் சண்டை இல்லாமல் இல்லை. பெனரில் இருந்த படமே வேண்டுமென்று சிலர் பிடிவாதமாக நின்றார்கள். தோட்டத்துடன் நிலத்துக்குப் பேசி முடிக்கவும் மாதக்கணக்காகியது. முடிவில் இரண்டு மாடி ஒரு மாடியாகச் சுருங்கி, ஃபெக்டரிக்குப் பக்கத்தில், தங்குமடமும் ஒழுங்கான கக்கூஸ்களும் டீக்கடையுமாக எழும்பியது. மேலே பள்ளியில் உடைந்த ஓடுகளை மட்டும் மாற்றினார்கள். ஹாஜியாரின் உம்மாவை நினைத்துப் படிக்கு இரும்புக் கைப்பிடி வைத்தார்கள். அதன் பச்சை நிறம் நுஸ்ஹாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. “புடிக்கிறதுக்குத்தானே வெச்சிருக்கு, புடிச்சுக்கிட்டு ஏறுங்க” என்றாள் விஜயகலா.

இந்த வருஷக் கந்தூரியில் கொடியேற்றத்துக்கு முன்னால் அவள் டீக்கடையை நல்லையாவிடம் விட்டுவிட்டு, குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, நுஸ்ஹாவோடு படி ஏறினாள். இத்தனை வருஷமாக அடிவாரத்தில் இருந்தும் அவள் கொடியேற்றத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கல்தூணில் சாய்ந்து நின்று, பச்சைக் கொடி கயிற்றில் ஆடி ஆடி மேலே போவதை வாய் திறந்தபடி பார்த்தாள். சுனைத் தண்ணீரை அள்ளி முகத்தில் தெளித்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரம் வந்ததும் பலபேர் சேர்ந்து சாப்பிடுகிற பெரிய சஹன் தட்டைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து அவளுக்கும் இடம் விட்டார்கள். எந்தப் பக்கமிருந்து எடுத்துச் சாப்பிடுவது என்று அவள் தயங்கினாள்.

“ஒங்கட முன்னுக்கு இருக்குறது ஒங்கட பங்கு, அக்கா” என்று சொல்லி, நுஸ்ஹா தன் பக்கத்து உருளைக்கிழங்கையும் அவள் பக்கம் தள்ளிவிட்டாள்.