கற்பூரத்தில் ஏறிய பலூன்

மெல்பேர்னின் புறநகர் கிரெய்கிபர்னில் ஏழு வீடு கட்டினேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்குப் பிளான் பார்க்கத் தெரியுமோ என்று சிரித்தவர்களுக்கும் நான்தான் கூரை போட்டுக் கொடுத்தேன். ரோவிலில் பொறியியலாளர்கள் கைவிட்ட மதிலை ஒரே வாரத்தில் நிமிர்த்தினேன். ஆனால் என் முதல் வேலையை ஒருவரும் பேசுவதில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஊரை விட்டு வந்து மெல்பேர்னில் எங்களுக்கு இரண்டாவது குளிர்காலம். எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதினைந்து. அவளுக்குப் பௌதிகம் படிக்க ஆசை. அப்பாவோ தட்டச்சுத்தான் என்றார். கடைசியில் இறங்கி வந்தார்: நெருப்பில்லாமல், ஆபத்தில்லாமல் ஒரு பலூனைப் பறக்கவிட்டுக் காட்டினால் பௌதிகம்.

அம்மா வேலை செய்த லோண்டரியில் கோட்டுகளுக்குப் போடும் மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றை அக்கா எடுத்தாள். கோட்டு மாட்டும் கொக்கி நுழையும் மேல் ஓட்டையை ஒட்டினாள். வாய் விரிந்திருக்கக் குறுக்கே கம்பி வைத்து, நூல் கட்டி, தலைமயிர் காயவைக்கும் மெஷினால் சூடான காற்றை நிரப்பினாள். விடிகாலைக் குளிரில் அது வேலி உயரம் போய், ஆறி, இறங்கியது.

“இதுக்கோ அக்கா இவ்வளவு எடுப்பு? வேலியையும் தாண்டேல்லை.”

“பத்திரமா இறங்கினதே, அது காணும். வாயைப் பொத்திக்கொண்டு நூலைப் பிடி.”

மறுபடி காற்றை நிரப்பிவிட்டு, அப்பாவைக் கூப்பிடக் குசினிக்குள் போனாள். என் பொக்கற்றில் பால்போத்தலின் தகர மூடியும், சாமிப் படத்தடியில் எடுத்த இரண்டு கட்டிக் கற்பூரமும் இருந்தன. கீழே நெருப்பிருந்தால் காற்று ஆறாது, பலூன் இன்னும் மேலே போகும். மெழுகுதிரி பாரம், கற்பூரம் பாரமில்லை. சாமிக்குக் கொளுத்துவது ஒன்றும் செய்யாது. இதுதான் என் விஞ்ஞானம். கற்பூரத்தை மூடியில் போட்டு, மூடியைக் கம்பியில் வைத்துக் கொளுத்தினேன்.

அப்பா வெளியே வரும்போது பலூன் கூரைக்கு மேலே நின்றது. அந்தச் சில நொடிப் பெருமை, எந்த வீடு கட்டியும் எனக்குப் பிறகு கிடைக்கவில்லை. அடுத்த கணம் பை பற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டுக் கூரையில் விழுந்துவிடாமல் அக்கா ஓடிவந்து நூலைப் பறித்து இழுத்தாள். உருகிய பிளாஸ்டிக் அவள் கையில் சொட்டியது.

“ஆர் கற்பூரம் வைச்சது?” அப்பாவின் கை இடுப்பு வாரில் இருந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். “நான்தான், அப்பா.”

எனக்கு வந்தது கோபம். கூரைக்கு மேலே போனது என் மூளையால். பெயரை இவள் அடித்துக்கொண்டு போகிறாளே என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அடுத்த பள்ளித் தவணையில் அவள் தட்டச்சு வகுப்புக்குப் போனபோதுகூட எனக்கு விளங்கவில்லை. விளங்கிய பிறகும் வாய் திறக்கவில்லை. அப்பா அறியாமலே போய்விட்டார். அக்கா ஓய்வு பெறும்வரை மற்றவர்களின் கடிதங்களையே அடித்தாள்.

இப்போது அவளுடைய பிள்ளைகள் குடும்பக் கதைகளை எழுதி வைக்கிறார்களாம். அதில் அம்மா சின்ன வயதில் நெருப்போடு விளையாடியவள் என்று இருக்கிறது. திருத்துங்கள், பிள்ளைகளே. பலூன் அவளுடையது. கற்பூரம் வைத்தவன் நான். அந்த இடத்தில் என் பெயரைப் போடுங்கள்.