பொட்டு வைத்த போல்ட்

“இங்க வந்தா மட்டும் ஒண்ணுந் தெரியாத பச்சப்புள்ள மாதிரி நிக்குதே!”

மதுரை செல்லூரில் தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்தில் கார் எலக்ட்ரீஷியன் கடை வைத்திருந்த சிஹாபுதீன், இதை ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது சொல்லிவிடுவார். நடுரோட்டில் நின்று மானத்தை வாங்கிய வண்டி, அவர் கடை வாசலுக்கு வந்தால் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதை முறைப்பார். எதிர்ச்சாரி டீக்கடை அன்னக்கொடி சும்மா விடமாட்டாள்.

“ஒங்க மூஞ்சியப் பாத்தா வண்டிக்கே நோவு பறந்துருது பாய். பேசாம மந்திரிக்கப் போயிருங்க, நாலு பேரு பொழப்பாங்க.”

அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. கோளாறைத் தன் கண்ணால் பார்க்காமல் ஒரு சாமானையும் மாற்றமாட்டார். இக்னிஷன் காயில் போயிருக்கும், பெட்ரோல் பம்பு போயிருக்கும் என்று மற்றவர்கள் குத்துமதிப்பாகக் கழற்றிப் போடுவதைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும். “நாடி பாக்காம மாத்திர குடுக்கச் சொல்றியா?” என்பார். அந்தப் பிடிவாதத்தால் அவருக்கு நல்ல பெயர்தான் கிடைத்திருந்தது. ஜனகராஜின் வெள்ளைக் கார் விஷயத்தில்தான் அது அவரைக் குத்தியது.

ஜனகராஜ் வில்லாபுரத்தில் இருந்தார். சுங்குடிச் சேலை வியாபாரம் செய்து ஓய்ந்தவர். கடைக்கு இருபது வருடப் பழக்கம். மனைவி வசுந்தராவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆட்டோவின் குலுக்கல் அந்த உடம்புக்குத் தாங்காது. பழைய காராக இருந்தாலும் அதன் பின்சீட்டில் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டுதான் வசுந்தரா ஆஸ்பத்திரிக்குப் போவார்.

இரண்டு மாதமாக அந்தக் கார் வழியில் நிற்க ஆரம்பித்தது. பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பும். இரண்டு தடவை கடைக்குக் கொண்டுவந்தார்கள். சிஹாபுதீன் பானெட்டைத் திறந்து வைத்து, காலையிலிருந்து மதியம்வரை இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார். இருமல் கூட இல்லை. “ஒண்ணும் இல்லண்ணே, எடுத்துட்டுப் போங்க” என்று இரண்டு தடவையும் அனுப்பிவிட்டார்.

மூன்றாவது தடவை ஜனகராஜ் தனியாக வந்தார்.

“வெள்ளிக்கிழம பாலத்து மேல நின்னுருச்சு பாய். முக்கா மணி நேரம். அவளுக்கு மூச்சு வாங்கிருச்சு. ஆஸ்பத்திரில ஆக்சிஜன் வச்சுத்தான் கண்ணத் தொறந்தா.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் சிஹாபுதீனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“திங்கக்கெழம நானும் வண்டில வாரேண்ணே” என்றார்.

திங்கட்கிழமை காலை, கம்பி கோத்த சோதனை பல்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முன்சீட்டில் ஜனகராஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு நாள் இடைவெளியில் வசுந்தராவுக்கு உடம்பெல்லாம் நீர் ஏறி, முகம் உப்பியிருந்தது. அப்படியும் வாய் அடங்கவில்லை. குரலைத் தடிமனாக்கி, “இங்க வந்தா மட்டும் பச்சப்புள்ள மாதிரி நிக்குதே!” என்றார். அச்சு அசல் சிஹாபுதீன்.

“நான் அப்புடியா இழுக்குறேன்?”

“நீங்க இன்னும் இழுப்பீங்க. எனக்கு அம்புட்டு மூச்சு இல்ல பாய்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். முன்சீட்டில் இருந்த இருவரும் சிரிக்கவில்லை.

கோரிப்பாளையம் நெரிசலில் வண்டி சிக்கியது. வெயில். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ரேடியேட்டர் ஃபேன் சுழலும் சத்தம் கேட்ட அடுத்த நொடி, இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று மட்டும் கேட்டது. ஹாரன் முனகியது.

சிஹாபுதீனுக்கு அப்போதுதான் உறைத்தது. கடையில் பானெட்டைத் திறந்து, ஏசி போடாமல் ஓட்டினால் சூடு அவ்வளவாக ஏறாது, ஃபேனும் ஏசியும் சேர்ந்து கரண்டு இழுக்காது. கோளாறு வெளியே வர அவரே வழி விடவில்லை.

பின்னால் வசுந்தரா கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து காற்றை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜனகராஜ் தங்கள் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் என்னவோ கேட்டார். முன்னும் பின்னும் வண்டிகள். ஆட்டோ கூட நகர இடமில்லை.

“சாவிய அப்புடியே வைங்கண்ணே, அணைக்காதீங்க!”

பானெட்டைத் தூக்கினார். பல்பின் ஒரு கம்பியை பேட்டரியின் மைனஸிலும் மறு கம்பியைக் காரின் பாடியிலும் வைத்தார். இரண்டும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டிய இடம். பல்பு எரியவே கூடாது. எரிந்தது; நடுவே எங்கோ பிடிமானம் விட்டிருந்தது. பேட்டரியிலிருந்து வரும் எர்த்து ஒயரை பாடியோடு முடுக்கியிருந்த போல்ட்டில் விரலை வைத்தார். சுட்டது.

அந்த போல்ட்டின் மேல் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

வருடா வருடம் ஆயுத பூசைக்கு ஜனகராஜ் வைக்கும் பொட்டு அது. ஈரச் சந்தனம் ஒயருக்கும் பாடிக்கும் நடுவே இறங்கி, காய்ந்து, அடியில் துரு பிடித்துப் பொருக்காகியிருந்தது. இருபது வருடமாக சிஹாபுதீன் மற்ற எல்லா இணைப்பையும் கழற்றித் தேய்த்திருக்கிறார். இதை மட்டும் சுற்றித் துடைத்துவிட்டு விடுவார். அடுத்தவர் சாமிக்கு வைத்த பொட்டு, தன் கை பட்டு அழிய வேண்டாம் என்ற மரியாதை. பாய் பார்த்திருப்பார் என்று ஜனகராஜும் கேட்டதில்லை.

இப்போது யாரையும் கேட்கவில்லை. ஸ்பானரால் போல்ட்டைக் கழற்றி, சந்தனத்தோடு துருவையும் ஸ்குரு டிரைவரால் சுரண்டினார். பளபளவென்று இரும்பு தெரிந்ததும் ஒயரை வைத்து இறுக்கினார். ஜனகராஜ் சாவியைத் திருப்ப, இன்ஜின் ஒரே பிடியில் எழுந்தது. நெரிசல் விலகியதும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் கார் வழியில் நின்றதில்லை. வசுந்தராவின் டயாலிசிஸ் ஒன்றும் தவறவில்லை.

அந்த வருட ஆயுத பூசைக்கு ஜனகராஜ் காரைக் கடைக்கே கொண்டுவந்தார். மெலிந்துபோன வசுந்தரா பின்சீட்டில் பொரிப் பொட்டலத்தை மடியில் வைத்திருந்தார். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, சந்தனக் கிண்ணத்தோடு ஜனகராஜ் தயங்கினார்.

“இம்புட்டு வருசமா வச்ச எடம் பாய். விட்டா மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு. மேலாப்புல, கடுகுத்தண்டி ஒரு பொட்டு...”

சிஹாபுதீன் போல்ட்டைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

“கண்ணாடிக்கு வைங்கண்ணே, டயருக்கு வைங்க, என் கட ஷட்டரு பூராம் வேணும்னாலும் வைங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன். இந்த எடத்துக்கு மட்டும் கையக் கொண்டு வந்தீங்க, இருவது வருசப் பழக்கம்னு பாக்க மாட்டேன். ஒங்க சாமிக்கு நான் பாத்த மருவாதில அக்கா மூச்சுக்குத் தவிச்சுச்சு. சாமிக்குக் கோவம்னா அது எங்கிட்ட வந்து கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்.”