சின்னம்மா பழசை எடுத்த நாள்

போன மாதம் ஒரு துப்பாக்கிக் கடையில் நின்றுகொண்டு, பழைய கார்பைனா புதிய கார்பைனா என்று அரை நாள் யோசித்தேன். இரண்டும் கைத்துப்பாக்கிக்குப் போடுகிற சின்னக் குண்டைச் சுடும் குட்டைத் துப்பாக்கிகள்தான். பழையது மரப்பிடி போட்டது. ஒவ்வொரு வெடிக்கும் அடியிலிருக்கும் நெம்புகோலை இறக்கி ஏற்ற வேண்டும். புதியது கறுப்பு, விசையை அழுத்த அழுத்த அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும். நான் ஜேர்மனியில், எசன் நகரில் ஒரு சுடும் கழகத்தின் உறுப்பினன். என் இலக்குத்தாளைப் பார்ப்பவர்கள் இடியப்பத் தட்டென்று நினைத்துக்கொள்வதால், எதை வாங்கினாலும் ஒருவருக்கும் ஆபத்தில்லை. மனைவி பாத்திரம் கழுவும் மெசின் வாங்கச் சொன்னாள். ஒன்றையும் வாங்காமல் வெளியே வந்தபோதுதான் சின்னம்மா நினைவுக்கு வந்தார். இதே தேர்வை அவர் என் முன்னால் ஒருமுறை செய்திருக்கிறார்.

அப்போது எனக்குப் பத்து வயது. சின்னம்மா, அம்மாவின் தங்கை, இலங்கையில் எங்கள் ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். அகதி வழக்கு முடியவில்லை. அடுத்த கிழமை விசாரணைக்கு நாள், ஜேர்மனில் டேர்மீன், கொடுத்திருந்தார்கள். "ஆரும் கேட்டா, சின்னம்மா ஊரிலை தையல் தைச்சவ. அவ்வளவுதான்" என்று அம்மா எனக்குச் சொல்லி வைத்திருந்தார். எனக்கு அதில் மறைக்க என்ன இருக்கிறதென்று விளங்கவில்லை. சின்னம்மா உண்மையிலேயே நாள் முழுக்கப் பிளவுஸ் தைத்துக்கொண்டுதான் இருந்தார்.

அப்பாவோடு பேக்கரியில் வேலை செய்த மீசைக்கார ஜேர்மன்காரர் ஒருவர், தன் கழகத்தில் பொதுமக்கள் வந்து பார்க்கும் நாளுக்கு எங்களைக் கூப்பிட்டார். நம்மவர்களுக்குத் தமிழ்ப் பள்ளிக்கும் பழைய மாணவருக்கும் சங்கம் இருப்பதுபோல இவர்களுக்குச் சுடுவதற்கு ஒன்று. அம்மாவுக்கு வேலை. கேக் இலவசம் என்பதால் மற்ற மூவரும் போனோம். போனபின்தான் தெரிந்தது, விருந்தாளிகளில் நன்றாகச் சுடுபவருக்குப் பரிசு ஒரு சைக்கிள் என்று. சிவப்பு. ஏழு கியர். அதைக் கண்டபின் கேக்கைத் தட்டிலேயே விட்டுவிட்டேன்.

பெரியவர்கள் மட்டுமே சுடலாம், ஆளுக்கு ஐந்து வெடி. மேசையில் இரண்டு கார்பைன்கள் இருந்தன. விரும்பியதை எடுக்கலாம். அப்பா புதியதை எடுத்தார். அவர் புதிதாக வந்த எதையும் விட்டுவைக்காதவர்.

"உதிலை என்ன பெரிய விசயம். கண்ணாடியிலை தெரியிற சிவப்புப் புள்ளியைக் கொண்டுபோய் நடுவிலை வைக்கிறது, அமத்திறது" என்றார்.

வைத்தார், அமத்தினார். அவருடைய குண்டுகளில் ஒன்று பக்கத்துக்காரரின் தாளில் பத்துப் புள்ளி வாங்கியது. அந்த மனிதர் எழுந்து வந்து கைகொடுத்தார். மற்றவை எங்கே போயின என்று கழகத்தில் இன்றும் தெரியாது. சுடுகிற கை எனக்கு எங்கிருந்து வந்ததென்று இப்போது விளங்கியிருக்கும்.

மிச்சம் சின்னம்மாதான். வெளி வாங்கில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"சின்னம்மா, ஒருக்காச் சுடுங்கோவன்."

"எனக்கு உது ஏலாது அப்பன்."

"ஊசியிலை நூல் கோக்கிற கண் உன்ரை. சும்மா ஏலாதெண்டு சொல்லாதை" என்றார் அப்பா. தன்னுடைய தாளை மறக்கடிக்க அவருக்கு வேறொரு தாள் தேவைப்பட்டது.

"விடுங்கோ அத்தான். ஆக்கள் பாக்கினம்."

நான் அழத் தொடங்கினேன். அது எனக்கு நன்றாக வரும் கலை. கேக் மேசையில் நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எதற்காகவும் பிறர் பார்ப்பதை விரும்பாத சின்னம்மா எழுந்து உள்ளே வந்தார்.

அவருக்கு ஜேர்மன் தெரியாது. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் டாக்டரிடமும் அரசாங்கக் கந்தோரிலும் பெரியவர்களுக்கு வாயாக இருந்தவன் நான்தான். இங்கும் அப்படியே.

"முன்பு சுட்டிருக்கிறாரா என்று கேள்" என்றார் மீசைக்காரர்.

"இல்லையெண்டு சொல்லு" என்றார் சின்னம்மா, நான் கேட்டு முடிக்குமுன்.

"புதுசை எடுங்கோ சின்னம்மா. அப்பாவுக்குத்தான் அது சரிவரேல்லை" என்றேன்.

மீசைக்காரர் புதியதை எடுத்துக் கொடுத்து விளக்கத் தொடங்கினார். நான் தமிழாக்கவில்லை, இன்னும் வாய் திறக்கவேயில்லை. அதற்குள் சின்னம்மாவின் கை துப்பாக்கியின் பக்கவாட்டுப் பிடியைப் பின்னால் இழுத்துவிட்டது. தலை குனிந்து, உள்ளே குண்டு இருக்கிறதா என்று பார்த்தது. அவருக்கு ஜேர்மன் விளங்கத் தொடங்கிவிட்டது, எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த பாடம் என்று நான் பெருமைப்பட்டேன். சின்னம்மாவோ கொதிக்கும் சட்டியைத் தொட்டவர்போல அதை மேசையில் வைத்தார்.

"இது வேண்டாம். பழசைத் தரச் சொல்லு."

"பழசு சரியான கரைச்சல் சின்னம்மா. ஒவ்வொரு முறையும் இழுக்கவேணும்."

"அதைத்தான் தரச் சொல்லு."

பழையதோடு அவர் பட்ட பாடு சைக்கிளை இன்னும் தூரம் கொண்டுபோனது. நெம்புகோலில் விரல் சிக்கியது. பாதி இறக்கி மறந்தார். மீசைக்காரர் இரண்டு தரம் கையைப் பிடித்துக் காட்டினார். காதுமூடியைப் போட்டுக்கொண்டு பின்னால் நின்ற நான் வெட்கத்தில் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தும் வெடித்தன.

தாள் கயிற்றில் ஓடி வந்தது. வட்டங்களில் ஒரு ஓட்டைகூட இல்லை. ஐந்தும் மேல் மூலையில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன. ஒரு இரண்டு யூரோ நாணயக் குற்றியால் மூடிவிடலாம்.

"எல்லாம் ஒரே பிழையான இடத்திலை" என்று நான் சிரித்தேன். அப்பா என்னைவிட நன்றாகச் சிரித்தார்.

மீசைக்காரர் சிரிக்கவில்லை. தாளைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். "எங்கே பழகினார் என்று கேள்" என்றார் என்னிடம்.

நக்கலடிக்கிறார் என்று நினைத்து, நானும் நக்கலாகவே கேட்டேன். "எங்கை பழகினனீங்கள் எண்டு கேக்கிறார் சின்னம்மா."

சின்னம்மா என்னைப் பார்க்கவில்லை, மீசைக்காரரைப் பார்த்தார். "தையல் மெசினிலை எண்டு சொல்லு."

சொன்னேன். மீசைக்காரர் தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "பூச்சியம். துரதிர்ஷ்டம்தான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

சின்னம்மா இயக்கத்தில் ஆயுதம் ஏந்தியவர் என்பதை, நான் வளர்ந்தபின், அம்மா ஒரே ஒரு தடவை, ஒரே வசனத்தில் சொன்னார். அது வெளியே தெரிந்திருந்தால் அகதி வழக்கு அன்றே கெட்டிருக்கும். அதன்பின் என்னுடைய இடியப்பத் தட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மூலை கண்முன் வரும். புதியதை அவருடைய கை அறிந்திருந்தது. அதனால்தான் கைக்குத் தெரியாத பழையதைக் கேட்டிருக்கிறார். கையை மறைத்தார். கண்ணை எங்கே மறைப்பது? தவறவிடுவதைக்கூட அவரால் ஒழுங்கில்லாமல் செய்ய முடியவில்லை. இதையெல்லாம் அவரோடு இருந்து பேசியிருக்கலாம். அவர் இறந்து இரண்டு வருடமாகிறது. நான் கேட்கவில்லை, பகிடி விட்டே காலத்தைக் கழித்துவிட்டேன்.

அன்று திரும்பி வரும் ட்ராமில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். சைக்கிள் போனது அவரால்தான் என்று சொல்லியும்விட்டேன். சின்னம்மா வலது கையை மடியில் வைத்து, இடது கையால் அதை இறுக்கிப் பொத்திப் பிடித்தபடி இருந்தார். மூன்று தரிப்பிடம் தாண்டியதும் எனக்குக் கொஞ்சம் மனமிளகியது.

"கை நோகுதோ சின்னம்மா?"

"ஓம் அப்பன்."

துப்பாக்கி உதைத்ததில் வந்த நோவு என்று நினைத்தேன். அது உதைத்தால் தோளில்தான் உதைக்கும், கையில் அல்ல என்பது எனக்கு அப்போது தெரியாது.