சிந்தலா வீட்டு அட்டைகள்

மகளின் தடுப்பூசித் தேதியை நான் மூன்று தடவை பார்ப்பேன். பார்த்த பிறகும் சரியாகத்தான் பார்த்தேனா என்று இருக்கும். இந்தக் குணம் நாலாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

அருப்புக்கோட்டையில் எங்கள் நெசவுக்காரச் சனங்களுக்குப் புதிதாக முகவரிப் புத்தகம் போடுவதென்று முடிவாகி, கையெழுத்து அழகாக இருந்த குற்றத்துக்காக அந்த வேலை அப்பா தலையில் விழுந்தது. பழைய புத்தகங்களில் இருந்த குடும்பங்களை எல்லாம் வீட்டுப்பெயர், அதாவது குடும்பப் பெயர், வரிசையில் அடுக்க வேண்டும். நாங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு, எழுதுவது தமிழ். அதனால் ஒரே வீட்டுப்பெயரை ஊருக்கு ஒரு மாதிரி எழுதியிருந்தார்கள். அத்தை வாக்கப்பட்ட வீடு ஒரு புத்தகத்தில் சிந்தலா, இன்னொன்றில் சிந்தாலா, மற்றொன்றில் சிந்தல.

அப்பா எனக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். எழுத்தைப் பார்க்காதே, ஆள் பெயர், தகப்பனார் பெயர், பூர்வீகம் மூன்றும் ஒத்துப்போனால் ஒரே குடும்பம், ஒரே அட்டையில் எழுது. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அட்டை செய்து தந்தது அத்தைதான்.

அத்தை எங்களோடு இருந்தாள். மாமா வெளியூருக்குத் தறி வேலைக்குப் போயிருந்தார். "தை பொறக்கவும் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிப் போனவர். மூன்று தை போய்விட்டது. சாயங்கால மதுரை பஸ் வரும் நேரத்துக்கு அத்தை தலைசீவிப் பொட்டு வைத்துக்கொள்வாள்.

"புதுசா வந்த குமாரபாளையத்துப் புத்தகத்த நீ தொடாத, அத நான் பாத்துக்கிறேன்" என்று அப்பா சொல்லியிருந்தார். பாவம், அவருக்கு வேலை மிச்சமாகட்டும் என்று ஒரு மத்தியானம் நானே அதை எடுத்தேன். சிந்தாலா பக்கத்தில் மாமா இருந்தார்! அவர் பெயர், தகப்பனார் பெயர், பூர்வீகம் அருப்புக்கோட்டை. மூன்றும் ஒத்துப்போயின. மனைவி என்ற இடத்தில் மட்டும் வேறு யாருடைய பெயரோ இருந்தது. கீழே இரண்டு பிள்ளைகள். அச்சுக்காரன் அடுத்த வீட்டு வரியைச் சேர்த்து அடித்துவிட்டான் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. பிள்ளைகளை விட்டுவிட்டு, மனைவி பெயரையும் அத்தை பெயராகத் திருத்தி எழுதிக்கொண்டு கூவினேன்.

"அத்தே, மாமா அட்ரஸு கெடச்சிருச்சு! ஒன் பேரத்தான் தப்பா அடிச்சு வச்சிருக்காங்க."

அப்பா சாப்பிட்ட கையோடு எழுந்து வந்தார். "கழுத, ஒன்னைய யாரு அதத் தொடச் சொன்னா? அது வேற குடும்பம்."

"மூணும் ஒத்துப்போகுதேப்பா. நீங்கதான சொன்னீங்க?"

அத்தை புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். நாலு வரியைப் படிக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

"எப்பண்ணே பாத்தீக?"

"போன மாசம்."

அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா சொல்றதுதான்டா சரி. இவுக வேற குடும்பம். தனி அட்டையில, அச்சுல இருக்கபடியே எழுது. அந்தப் புள்ளைக பேர விட்டுறாத. என் அட்டைய அங்கருந்து எடுத்து நம்ம வீட்டுப் பேர்ல வையி."

"அப்ப நம்ம மாமா அட்ரஸு?"

"அது எந்தப் புத்தகத்துலயும் இல்ல."

ரப்பரால் அழிக்க அழிக்க அட்டை கிழிந்தது. இவ்வளவு பார்த்தும் தப்பாக எழுதிவிட்டேனே என்று எனக்கு அழுகை வந்தது. அத்தையும் அழுதாள். என்னைத் திருத்தும்படி ஆகிவிட்டதே என்றுதான் அழுகிறாள் என நினைத்து, "இனிமே சரியாப் பாத்து எழுதுறேன் அத்தே" என்று அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.