பாதிப் புத்தகத்துக்காக ஆலந்தலைக்கு

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். இந்த வருடம் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதப்போகிறேன். அறிவியல் புத்தகம் மட்டும் என்னிடம் இல்லை. எங்கே போய்க் கேட்டாலும் "எந்த ஸ்கூல்?" என்பார்கள், அதற்குப் பயந்தே கேட்காமல் இருந்தேன். ஆலந்தலையில் ஊர்க்காரர்களே நடத்தும் நூலகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள் என்று தையல் கடை அக்கா சொன்னார். போன செவ்வாய்க்கிழமை கிளம்பிவிட்டேன்.

எங்கள் ஊர், தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையில் காலை 7.10க்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. தூத்துக்குடியில் மாறி, நாற்பது கிலோமீட்டர் தாண்டித் திருச்செந்தூர் சேர 9.30. அங்கிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். நான் "லைப்ரரி" என்றது எனக்கே கேட்கவில்லை. ஆட்டோ அண்ணாச்சி ஆலந்தலைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். நடந்து தேடினேன்.

வலைக் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை. அலமாரியைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். எல்லாம் பாதிப் பாதிப் புத்தகங்கள். கத்தியால் அறுத்து, முதுகில் வலை நூலால் தைத்திருந்தார்கள்.

வலை பின்னும் ஜெனி அக்கா அன்று மேசையில் இருந்தார். இங்கே சம்பளத்துக்கு ஆள் கிடையாது. புத்தகம் எடுப்பவர்களே முறை வைத்து உட்காருகிறார்கள். காற்றுக் காலத்தில் கடலுக்குப் போக முடியாதவர்கள் ஒரு பெட்டிப் புத்தகத்தோடு தொடங்கினார்களாம். ஒரே கதைப் புத்தகத்துக்கு இரண்டு வள்ளத்துக்காரர்கள் மல்லுக்கட்டியபோது யாரோ அதை இரண்டாக அறுத்துக் கொடுத்தார்களாம். கரைக்கு வந்ததும் மாற்றிக்கொள்வது. அதுவே வழக்கமாகிவிட்டது. பதிவேட்டிலும் பெயருக்குப் பக்கத்தில் வள்ளத்தின் பெயர்தான்.

அறிவியல் புத்தகம் ஒன்றே ஒன்று, இன்னும் அறுக்காதது. எடுத்துப் போனவர் அன்று கொண்டுவர வேண்டும். பதினொரு மணிக்கு, இடுப்பில் நனைந்த சாரத்தோடு சூசை அண்ணாச்சி வந்தார். நாற்பது வயதிருக்கும். திருப்பித் தருவார் என்று பார்த்தால், இன்னும் ஒரு மாதம் வேண்டும் என்றார். அவரும் பத்தாம் வகுப்பு எழுதுகிறாராம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஜெனி அக்கா கவனித்துவிட்டார். "இந்தப் பிள்ளையும் அதுக்குத்தான் புதுக்கோட்டையிலருந்து வந்திருக்கு."

அண்ணாச்சி இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். பள்ளிக்கூடத்தில் புத்தக ஓரம் மடங்கினாலே அடி வாங்கியவள் நான். ஒரே இழுப்பில் புத்தகம் இரண்டானது.

"முன்பாதி முடிச்சாச்சு, நீ கொண்டு போ. மின்சாரம் மட்டும் எனக்கு மண்டையில ஏறல. படிச்சிட்டு வந்து சொல்லிக்குடு, ஏளா."

"வாத்தியாரம்மா கிடைச்சாச்சு," என்றார் ஜெனி அக்கா, புத்தக முதுகைத் தைத்தபடி. பதிவேட்டைத் திறந்ததும், எனக்கு வள்ளம் இல்லை என்றேன். தன் வீட்டு வள்ளத்தின் பெயரையே என் பெயருக்கு நேரே எழுதினார்.

போக நினைப்பவர்களுக்கு: பத்திலிருந்து ஒரு மணி வரை திறந்திருக்கும், ஞாயிறு கிடையாது. ஆட்டோவில் வலைக் கொட்டகை என்று சத்தமாகச் சொல்லுங்கள். வருகிற செவ்வாய்க்கிழமை மேசையில் என் முறை. மின்சாரப் பாடத்தைத் தினமும் வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன். அன்று வருபவர்கள் என்னிடம் எந்த ஸ்கூல் என்று கேட்காதீர்கள். எந்த வள்ளம் என்று கேளுங்கள், சொல்கிறேன்.