போதகர் ஐயாவின் கண்கள்

"கண்ணாடிய வீட்ட விட்டிட்டு வந்திட்டன், தங்கச்சி. இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று போதகர் ஐயா ஒரு கடிதத்தை என் மேசைக்கு மேலாக நீட்டினார். கண்ணாடி அவருடைய மூக்கின் மேல்தான் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவர் மறந்துபோய்ச் சொன்னதாக நினைத்துச் சிரிக்கவும் போனேன். ஆனால் கடிதத்தைப் பிடித்திருந்த அவருடைய கை என்னை விட்டுச் சற்று விலகி, யன்னல் பக்கமாக நீண்டிருந்தது. நான் எழுந்துபோய் அதை வாங்கிக்கொண்டேன். வாசித்தும் காட்டினேன். கண்ணாடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

திருகோணமலை உள்துறைமுகத்துக்கு மேலே ஏறும் வீதியில் எங்கள் சபை இருந்தது. தகரக் கூரை போட்ட மண்டபம், பக்கத்தில் ஒரு சிறிய அலுவலக அறை. கடிதம் எழுதுவது, பிரசங்கக் குறிப்புகளைக் கணினியில் அடித்துக் கொடுப்பது, மண்டபச் சாவியை வைத்திருப்பது, இவைதான் என் வேலை. போதகர் ஐயாவின் மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள் மட்டக்களப்பில் ஆசிரியை. மண்டபத்துக்குப் பின்னால் இருந்த இரண்டறை வீட்டில் அவர் தனியாக இருந்தார்.

வெள்ளிக்கிழமைகளில் சுகமளிக்கும் ஜெபம் நடக்கும். உப்புவெளியிலிருந்தும் பாலையூற்றிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். எங்கள் சபையில் சேராதவர்களும் வருவார்கள். நடந்ததை எல்லாம் அற்புதம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. எதுவுமே நடக்கவில்லை என்று சொல்லவும் ஏலாது. கணவனைக் கடலில் பறிகொடுத்த நாள் முதல் ஒரு வார்த்தை பேசாமலிருந்த ஒரு பெண்ணை அவளுடைய அண்ணன் கூட்டிவந்தான். ஐயா அவள் தலையில் கைவைத்து வெகுநேரம் சத்தமில்லாமல் நின்றார். பிறகு அவள் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தண்ணி தாங்கோ" என்றாள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தது நான்தான். அந்தக் குவளையை அவள் வாங்கிக் குடித்ததை என் கண்ணால் கண்டேன். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தெரியாது.

அப்படிப்பட்டவரின் பார்வைதான் மங்கிக்கொண்டிருந்தது. கடிதச் சம்பவத்துக்குப் பிறகு நானாகவே பிரசங்கக் குறிப்புகளின் எழுத்தைப் பெரிதாக்கினேன். சில மாதங்களில் ஒரு பக்கத்தில் ஐந்தாறு வரிகள்தான் அடங்கின. பிறகு அதுவும் போதவில்லை. சனிக்கிழமை காலையில் நான் வேதபாகத்தை வாசிக்க, அவர் கண்ணை மூடிக் கேட்டு மனப்பாடம் செய்வார். ஞாயிற்றுக்கிழமை திறந்த வேதாகமத்தைக் கையில் பிடித்தபடி ஒரு சொல் பிசகாமல் சொல்லுவார். சபையில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒருமுறை மட்டும் கேட்டேன். "ஐயா, கண் டொக்டரிட்ட ஒருக்காக் காட்டினால் என்ன?"

கீழே துறைமுகத்தில் கோதுமைக் கப்பல் ஒன்று நின்றது. அவருடைய முகம் அந்தப் பக்கம் இருந்தது. அது அவருக்குத் தெரிந்ததோ என்னவோ. "வெள்ளிக்கிழமை வாற சனத்துக்கு நான் என்ன சொல்லுறது, தங்கச்சி? கர்த்தர் எனக்கும் செய்வார். கொஞ்சம் பொறுப்பம்."

"ஓம் ஐயா" என்றேன். பிறகு நான் கேட்கவே இல்லை.

ஏன் கேட்கவில்லை என்பதை எழுதத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். என் விசுவாசம் பெரிது என்பதால் அல்ல. அம்மா இறந்த பிறகு பாலையூற்று வீட்டில் நான் ஒருத்திதான். ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கதவைத் திறந்தால், திங்கட்கிழமை காலை பஸ்ஸில் கொண்டக்டர் "இறக்கமோ?" என்று கேட்கும்வரை என்னோடு கதைக்க ஒரு மனிதர் இல்லை. அலுமாரிக் கதவு கிறீச்சிடுவதுகூட ஒரு துணைபோல இருக்கும். அந்த நிலையில் ஒருவருக்கு நான் தேவைப்பட்டேன். சனிக்கிழமை காலையில் நான் போகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் இல்லை. அவருடைய கண் இருண்டுகொண்டே போக, என்னுடைய நாட்கள் வெளிச்சமாகிக்கொண்டே வந்தன. மகளுடைய தொலைபேசி எண் என் மேசைக் குறிப்பேட்டில்தான் இருந்தது. ஒன்றரை வருடம் நான் அதை அழைக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் பெண் வந்தார். வீட்டில் தையல் தைப்பவர். அயலவர்கள் எல்லாரும் அக்கா என்கிற முறையில் ராத்தா என்று கூப்பிடுவார்கள் என்று கூட வந்த அயல்வீட்டுக்காரி சொன்னாள். முக்காட்டைச் சரிசெய்தபடி முன்வரிசைக் கதிரையில் இருந்தார். முறை வந்ததும் மெதுவாகச் சொன்னார்: "நடுவுல நல்லாத் தெரியுது. ஓரமெல்லாம் இருட்டா வருது. ஊசிக்கு நூல் கோக்க ஏலும், பக்கத்துல ஆள் வந்தாத் தெரியாது. நோவு ஒண்டும் இல்ல."

ஐயா அவர் தலைக்கு மேல் கையை உயர்த்தினார். கை அப்படியே நின்றது. ஜெபம் தொடங்கவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். பிறகு அவர் கையை இறக்கி, தடவி ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டு, சாதாரணமாகக் கதைக்கும் குரலில் சொன்னார்.

"அம்மா, நான் உங்களுக்காக ஜெபிக்கிறன். ஆனா நாளைக்கே கண் டொக்டரிட்டப் போங்கோ. எனக்கும் இப்பிடித்தான் தொடங்கினது. நான் போகேல்ல. இப்ப நீங்கள் எனக்கு முன்னால இருக்கிறியள், உங்கட முகம் எனக்குத் தெரியேல்ல."

அதற்குப் பிறகுதான் அவர் ஜெபித்தார். மிகச் சிறிய ஜெபம்.

ராத்தா மறுநாளே போனார். கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது, தொடர்ந்து மருந்துத் துளி விட்டால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம் என்றார்களாம். அன்று பின்னேரமே நான் மட்டக்களப்பிலிருந்த மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். மகள் வந்து ஐயாவையும் அதே டொக்டரிடம் கூட்டிப்போனாள். போனது போனதுதான், ஒரு வருடம் முந்தி வந்திருந்தால் மிச்சத்தையாவது நிறுத்தியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னதை மகள் அலுவலகத்தில் வைத்து என்னிடம் சொன்னாள். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சபையில் கதை வேறு விதமாகப் போனது. தன் கண்ணைத் திறக்க ஏலாதவர் மற்றவனுக்கு என்ன செய்வார் என்றார்கள் சிலர். ஏதோ மறைவான பாவம் இருக்க வேண்டும் என்றார்கள் வேறு சிலர். வெள்ளிக்கிழமைக் கதிரைகள் காலியாகின. பேசாமலிருந்து தண்ணீர் கேட்ட அந்தப் பெண்ணின் அண்ணனும் வருவதை நிறுத்திக்கொண்டான். ஐயா ஒருவரையும் குறை சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் மகள் அவரைத் தன்னோடு கூட்டிப்போக வந்தாள்.

அவள் உள்ளறையில் உடுப்புகளை அடுக்கிக்கொண்டிருக்க, நான் குசினிக்குப் பக்கத்தில் அவருக்கு முன்னால் நின்றேன். "ஐயா, எனக்குத் தொடக்கத்திலயே தெரியும். நான் முந்தியே மகளுக்குச் சொல்லியிருக்க வேணும். உங்களுக்காக இல்ல, எனக்காகத்தான் சொல்லேல்ல. சொன்னா நீங்கள் போயிடுவியள் எண்டு பயம்."

"நானும் கண்ணுக்காக மட்டும் உங்களை வாசிக்கச் சொல்லேல்ல, தங்கச்சி. மனிசி போனாப்பிறகு எனக்கும் ஒரு குரல் தேவைப்பட்டது" என்றார். பிறகு, "இருங்கோ. உங்கட வீட்டில ஆர் ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

நான் அங்கே வேலை செய்த பன்னிரண்டு வருடங்களில் அவர் அதைக் கேட்டது அன்றுதான். நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். அம்மாவைப் பற்றியும், சரிவராமல் போன கலியாணப் பேச்சுகளைப் பற்றியும், ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களைப் பற்றியும் சொன்னேன். மகள் பெட்டியை மூடிவிட்டு வாசலில் வந்து காத்திருந்தாள். அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. முடிவில் எனக்காக ஜெபித்தார்; எது சுகமாக வேண்டும் என்று கேட்கவில்லை, என் பெயரை மட்டும் இரண்டு மூன்று தரம் சொன்னார். இயேசு குருடனிடம்கூட உனக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டார் என்பதைப் பிரசங்கக் குறிப்புகளில் எத்தனையோ தரம் அடித்துக் கொடுத்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரிவதை ஏன் கேட்க வேண்டும் என்பது அன்றுதான் விளங்கியது.

இப்போது சபைக்கு இளம் போதகர் ஒருவர் வந்திருக்கிறார். தன்னுடைய குறிப்புகளைத் தானே கைத்தொலைபேசியில் வைத்திருக்கிறார். சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை. ஐயா மட்டக்களப்பிலிருந்து எப்போதாவது கதைப்பார். அண்மைக்காலமாகக் காதும் மந்தம் என்று மகள் சொல்லுகிறாள்.

சில மாதங்களுக்கு ஒருமுறை ராத்தாவுக்குக் கண் கிளினிக். பரிசோதனைக்காக விடுகிற மருந்தில் அன்று முழுக்கப் பார்வை கலங்கிவிடும், வெயில் கூசும். கிளினிக்குக்குத் துணைவர ஆள் இல்லை என்று அறிந்ததிலிருந்து நான்தான் கூடப் போகிறேன். அங்கே காத்திருக்கும் வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து தையலைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் கதைப்போம். முடிந்ததும் என் கையைப் பிடித்தபடி பஸ் நிலையத்துக்கு வருவார்.

போன வாரமும் கிண்ணியா பஸ்ஸில் ஏற்றி யன்னலோரம் இருத்திவிட்டு இறங்கினேன். "வெயிலுக்குள்ள நிக்காதீங்க, போங்க" என்றார். பஸ் புறப்படும்போது வெளியே பார்த்துக் கைகாட்டினார். நான் நின்ற இடத்தைப் பார்த்து அல்ல; சற்றுத் தள்ளி, ஆள் இல்லாத ஒரு தூணைப் பார்த்து.

நான் விரைந்து நடந்து அந்தத் தூணடியில் போய் நின்று, கையை உயர்த்தினேன்.