பெயர் சொன்னால் திரும்புகிறாள்

என் பேத்திக்கு ஒரு வயது மூன்று மாதம் ஆனபோது அவளுக்காக ஒரு பதிவேடு தொடங்கினேன். கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு. பக்க எண்களை நானே போட்டேன். முதல் பக்கத்தில், இதில் இத்தனை பக்கங்கள் உள்ளன என்று சான்று எழுதிக் கையொப்பமும் இட்டேன். இந்தச் சான்று யாருக்கு என்று மகள் கேட்டாள். யாருக்கும் அல்ல. சான்று என்று ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். கல்வித் துறையிலேயே ஆயுளைக் கழித்தவனால் இதற்கு மேல் விளக்க முடியாது.

ஆசிரியராகச் சேர்ந்து, தலைமையாசிரியராகி, கடைசிப் பல வருடங்கள் பள்ளிகளை ஆய்வு செய்யும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கல்வராயன் மலைப் பள்ளிகள் பலவும் என் பொறுப்பில் இருந்தன. ஜீப் வளைந்து வளைந்து கரியாலூருக்கு ஏறும். அதற்கு மேல் சில ஊர்களுக்கு நடக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் நாற்காலி போடுவார்கள், பதிவேடுகளை அடுக்குவார்கள். நான் பதிவேடுகளைப் பார்ப்பேன். பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். புதிதாக வந்த ஆசிரியர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: காலியாக ஒரு கட்டம் இருந்தால் மேலே இருக்கிறவர்கள் அதில்தான் கை வைப்பார்கள், பிள்ளைக்குப் பாடம் வரவில்லை என்றால் அடுத்த மாதம் வரவழைக்கலாம், கட்டத்தை இன்றே நிரப்பிவிடுங்கள். நல்ல அதிகாரி என்று என் பிரிவுபசார விழாவில் பேசினார்கள். பிரிவுபசார விழாவில் எல்லோரையும் அப்படித்தான் சொல்வார்கள்.

மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மகளும் குழந்தையும் என்னோடு இருந்தார்கள். மகளுக்குச் சங்கராபுரத்தில் வங்கி வேலை; காலை எட்டரை பஸ்ஸுக்குப் போனால் மாலை ஆறேகாலுக்குத் திரும்புவாள். மருமகன் ஓசூரில் தொழிற்சாலையில். பதினைந்து நாளைக்கு ஒரு ஞாயிறு வருவார். குழந்தையைக் காப்பகத்தில் விடலாம் என்ற பேச்சு வந்தபோது நான்தான் மறுத்தேன். அப்படிப்பட்ட இடங்களில் குழந்தைகளைப் பற்றி என்ன எழுதி வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும் என்றேன். என் வீட்டில் ஒழுங்காக நடக்கும் என்றேன்.

வீட்டு வேலைக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். பிறந்தது கரியாலூருக்கு மேலே ஒரு ஊரில். கள்ளக்குறிச்சியில் ஒரு லோடுமேனுக்கு வாழ்க்கைப்பட்டுக் கீழே வந்தவள். பெருக்கவும் சமைக்கவும் என்று வைத்தோம். குழந்தைக்கு ஊட்டுவதும் கழுவுவதும் தூக்கிக்கொண்டு திரிவதும் அவள்தான் செய்தாள். திட்டமிடல் என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வாரத்துக்கான பாடத்திட்டத்தை எழுதிவிடுவேன். செயல்பாடு, தேவையான பொருள்கள், நோக்கம், அடைவு. அடைவு என்ற தலைப்பின் கீழ் நான்கு கட்டங்கள்: கை, கண், கேட்டல், பேச்சு. பொருள்கள் எல்லாம் வீட்டில் இருப்பவை. எவர்சில்வர் டப்பாக்களுக்கு ஏற்ற மூடியைக் கண்டுபிடித்துப் போடுவது. கரண்டிக் காம்பில் வளையல்களைக் கோப்பது. ஒரு தம்ளரிலிருந்து இன்னொரு தம்ளருக்குத் தண்ணீர் ஊற்றுவது. வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்ப்பது. தாம்பாளத்தில் மலைச் சாமையைப் பரப்பி அதில் விரலால் கோடு இழுப்பது. புளியங்கொட்டையும் கடலையும் கூடாது, வாயில் போட்டுவிடுவாள் என்று அடிக்குறிப்பு எழுதினேன். பாதுகாப்பு விதிகளில் நான் குறை வைத்ததில்லை.

குழந்தை எல்லாவற்றையும் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் செய்தாள். மூடி போடுவதில் ஒரு வாரத்தில் தேறிவிட்டாள். செருப்பு ஜோடியில் என் கணக்கே தப்பியது. பக்கத்து வீட்டு விருந்தாளியின் செருப்பு ஒன்று மாறி வந்திருந்ததை அவள்தான் தனியே எடுத்து வைத்தாள். கதை சொல்லும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். நரி ஏமாறும் இடத்தில் நான் முகத்தைக் கோணுவேன், அவள் சிரிப்பாள். ‘கதையை ஆர்வத்துடன் கேட்கிறாள்’ என்று எழுதினேன்.

கேட்டல் கட்டத்தில் எழுத இன்னும் சில வரிகள் இருந்தன. பெயர் சொன்னால் திரும்புகிறாள். ஓசை வந்த திசையை அறிகிறாள். எளிய கட்டளையைப் புரிந்துகொள்கிறாள். நான் கட்டிலில் அவள் எதிரில் உட்கார்ந்து, மெத்தையைத் தட்டிப் பெயர் சொல்வேன். திரும்புவாள். சரி என்று குறிப்பேன். முழங்கால் வலி இருந்த நாட்களில் கூப்பிடாமலேயே குறித்தேன். நேற்றுத் திரும்பியவள் இன்று திரும்பாமல் போவாளா? சில வாரங்களில் சனிக்கிழமை வரைக்குமான கட்டங்களைச் செவ்வாய்க்கிழமையே நிரப்பினேன். பேச்சுக் கட்டத்தில் மட்டும் என்ன எழுதுவதென்று கொஞ்சம் யோசித்து, ‘முயல்கிறாள்’ என்று எழுதினேன். துறையில் பல தலைமுறைகளைக் கரையேற்றிய சொல் அது.

ஒன்றரை வயதில் மகளுக்குச் சந்தேகம் வந்தது.

“அப்பா, நான் கதவத் தெறந்துக்கினு உள்ள வரேன், கூப்புடுறேன், அவ பாட்டுக்கு விளையாடிக்கினு இருக்கா. ஆபீஸ்ல கூட இருக்கிறவங்க பசங்கல்லாம் இந்நேரம் நாலு வார்த்தை பேசுதுங்க.”

“விளையாட்டுல கவனமா இருந்திருப்பா. கவனம் நல்ல குணம்மா.”

“ஒருவாட்டி டாக்டர்கிட்ட காட்டிடலாம்ப்பா.”

காட்டினோம். கள்ளக்குறிச்சியில் கூட்டம் நிறைந்த ஒரு குழந்தை மருத்துவர். வெளியே அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெயர் சொன்னால் திரும்புகிறாளா என்று அவர் கேட்டார். மகள் வாயைத் திறப்பதற்குள் நான் பதிவேட்டைத் திறந்து மேஜைமேல் வைத்தேன். நாள் வாரியாக, கட்டம் கட்டமாக, ஒன்றுகூடக் காலி இல்லை. மருத்துவர் நாலைந்து பக்கம் புரட்டினார்.

“இப்படி ரெக்கார்டு வெச்சிருக்கிற வீட்ட நான் பாத்ததே இல்ல சார். இதுக்கு மேல நான் என்னத்த டெஸ்ட் பண்றது? சில பிள்ளைங்களுக்குப் பேச்சு லேட்டா வரும். வந்துட்டா அப்புறம் தாத்தா மாதிரி நிறுத்தவே முடியாது.”

நானும் சிரித்தேன். ஆய்வுக்கு வந்தவர் திருப்தியோடு போகும்போது ஏற்படும் ஒரு நிம்மதி உண்டு; அது எனக்குப் பழக்கமானது. மகள் சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் சந்தேகம் எழுப்பிய ஒவ்வொரு முறையும் டாக்டரே சொல்லிவிட்டார் என்று நான் முடித்துவைத்தேன். அப்படிப் பத்து மாதம் போயிற்று.

ஒரு நாள் காலையில் குழந்தை கட்டில்மேல் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வளையல் கோத்துக்கொண்டிருந்தாள். அடுக்களையில் வேலைக்காரப் பெண் சோறு வடிக்கும் குண்டானைக் கை தவறிக் கீழே போட்டாள். அந்தச் சத்தத்தில் என் கையிலிருந்த காபி வேட்டியில் சிந்தியது. அவள் கரித்துணியோடு கூடத்துக்கு வந்து நின்றாள். சிந்திய காபியைப் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்த்தாள்.

“சார், பாத்தீங்களா?”

“எதை?”

“பாப்பா திரும்பவே இல்ல.”

“பழகிப்போயிருக்கும். நீதான் தினம் ஒண்ணு போடுறியே.”

“நான் இன்னா தினமா போடுறேன்? கொழந்தைக்குக் காது கேக்கல சார். ரொம்ப நாளா சொல்லணும்னு நெனச்சிக்கினு இருந்தேன். எங்க அக்கா பொண்ணு இப்படித்தான் இருந்துச்சு. மூஞ்சியப் பாத்துக்கினே எல்லாம் செய்யும்.”

“நான் எத்தனை ஆயிரம் பிள்ளைங்களைப் பார்த்தவன் தெரியுமா உனக்கு?”

“நீங்க நோட்டப் பாத்திருப்பீங்க சார்.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அக்கா பெண் எந்தப் பள்ளியில் படித்தாள் என்று ஏன் கேட்டேனோ, கேட்டுவிட்டேன். சொன்னாள். நான் இரண்டு முறை போன பள்ளி.

“அங்கியும் நல்லா கேக்குது, நல்லா படிக்குதுன்னு எழுதிதான் வெச்சிருந்தாங்களாம். அப்புறம் அது படிப்ப வுட்டுடுச்சு. இப்போ மரவள்ளிக் காட்டுல வேலைக்குப் போவுது.”

அவள் போய்க் குண்டானைக் கழுவத் தொடங்கினாள்.

மதியம் அவள் வேலை முடித்துக் கிளம்பிய பிறகு ஒரு தட்டும் கரண்டியும் எடுத்துக்கொண்டேன். குழந்தை அதே கட்டிலில், ஜன்னலைப் பார்த்து, மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மெத்தையைத் தொடாமல், கட்டிலில் சாயாமல், பின்னால் நின்று பெயர் சொன்னேன். இன்னும் சத்தமாகச் சொன்னேன். தட்டைத் தட்டினேன். அடித்தேன் என்றே சொல்ல வேண்டும். எதிர் வீட்டுக்காரர் வெளியே வந்து என்ன சார் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். குழந்தை ஒரு மூடியை எடுத்து, திருப்பிப் பார்த்து, சரியான டப்பாவில் வைத்தாள். அவள் பிடரி அசையவில்லை.

கை ஓய்ந்து ஒரு பக்கமாக நகர்ந்தேன். பின்கதவு திறந்திருந்தது. அதன் வழியே வந்த வெயிலில் என் நிழல் அவள்முன் மெத்தையில் விழுந்தது. உடனே திரும்பினாள். என்னைப் பார்த்து வாயெல்லாம் சிரித்தாள்.

ஒரு வருடத்துக்கு மேலாக நான் குறித்துவந்தது இதைத்தான். மெத்தை அதிர்ந்ததையும், நிழல் விழுந்ததையும், என் முகத்தையும். அதுவும் குறிப்பதற்கு முன் கூப்பிட்டுப் பார்த்த நாட்களில்.

மகள் வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுப் பதிவேட்டைக் கேட்டாள். விளக்கடியில் உட்கார்ந்து முதலிலிருந்து புரட்டினாள். ஒரு பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்த்தாள்.

“இந்த வாரம் பூரா ஒரே பேனா, ஒரே அழுத்தம். ஒரே உக்காரல்ல எழுதியிருக்கீங்க.”

அடுத்த பக்கத்தையும் அப்படியே சாய்த்துப் பார்த்தாள்.

“பேங்க்ல நாங்க மொதல்ல பாக்குறது இதத்தான்ப்பா. வீட்ல பாக்கணும்னு எனக்குத் தோணல.”

மருமகன் ஓசூரிலிருந்து வந்தார். புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். குழந்தையைத் தூங்கவைத்துத் தலையில் கம்பிகள் ஒட்டிச் சோதித்தார்கள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகவும் குறைவு. காதுக் கருவி மாட்டிச் சில மாதம் பார்க்கலாம், போதவில்லையென்றால் அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகும் பேச்சு எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் மருத்துவர். பிறகு, முதலில் எப்போது சந்தேகம் வந்தது என்று கேட்டார்.

“ஒன்னரை வயசுல” என்றாள் மகள்.

“இப்போ ரெண்டேகால் தாண்டிடுச்சு. அப்பவே ஏம்மா கொண்டுவரல? இந்த வயசுல ஒவ்வொரு மாசமும் முக்கியம்.”

மகள் சுவரைப் பார்த்தாள். மருமகன் அவளைப் பார்த்தார். விளக்கம் கேட்டால் பதில் எழுதும் முறை எனக்குத் தெரியும். எந்த அதிகாரி எழுதிய எந்தக் குறிப்பை மேற்கோள் காட்டலாம் என்பதும் தெரியும். கள்ளக்குறிச்சி மருத்துவரின் சீட்டு என் கோப்பில் தேதி வாரியாக இருந்தது.

“அப்பவே ஒரு டாக்டர்கிட்ட காட்டினாங்க. நான் அவர்கிட்ட ஒரு நோட்டைக் காட்டினேன். அதுல இருந்தது பொய்” என்றேன்.

அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார்.

இப்போது குழந்தையின் இரண்டு காதிலும் கருவி இருக்கிறது. பிடுங்கி எறிகிறாள், மாட்டுகிறோம். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வீட்டில் செய்யவேண்டிய விளையாட்டுகளை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். அதிலும் கட்டங்கள் உண்டு. ஒருவர் எதிரில் உட்கார்ந்து விளையாட்டுக் காட்ட வேண்டும். இன்னொருவர் பின்னால் நின்று தட்டைத் தட்ட வேண்டும். திரும்பினால் எதிரில் இருப்பவர் கைதட்டிச் சிரிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து வேளை. வேலைக்காரப் பெண் எதிரில் உட்காருகிறாள். தட்டு என்னிடம். நிழல் விழாத இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு அதன்மேல் நிற்கிறேன். முதல் வாரம் குழந்தை திரும்பவில்லை. இரண்டாவது வாரமும் இல்லை. இன்று மூன்றாவது முறை தட்டியபோது அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு மூடியை எடுத்துக்கொண்டாள்.

தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. பேனா மகளின் கைப்பைக்குள் இருக்கிறது. குழந்தையை விட்டுப்போக மனமில்லாமல் வேலைக்காரப் பெண் இப்போதெல்லாம் மாலைவரை இருக்கிறாள். ஆறேகாலுக்கு மகள் வருகிறாள். கை கால் கழுவி, குழந்தையைத் தூக்கி, தாளின் முன்னால் போய் நிற்கிறாள். நான் கூடத்தில்தான் நாற்காலியில் இருக்கிறேன். அவள் என் பக்கம் திரும்புவதில்லை. அடுக்களையைப் பார்த்துக் கேட்கிறாள்.

“அக்கா, இன்னிக்குத் திரும்புனாளா?”

“இல்லம்மா. கை மட்டும் நின்னுச்சு. திரும்பல.”

மகள் அதை எழுதுகிறாள்.